கடலுக்காகப் பேசிய அம்மையார்

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் மலைப்பாதையில், தேயிலைத் தோட்டங்கள் முடிந்து சந்தனக் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது என் ஊராகிய மறையூர். நிலப்படத்தில் அது கேரளத்து இடுக்கி மாவட்டம். ஆயினும் எங்கள் தெருவில் கேட்பது தமிழே. மறைந்திருக்கும் ஊர் ஆகையால் மறையூர் ஆயிற்று என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த இடம் என்று ஒரு கதையும் உண்டு. நாற்புறமும் மலை சூழ்ந்த அவ்வூரில் நடப்பது வெளியுலகைத் தொடாது, வெளியுலகில் நடப்பது எங்களைத் தொடாது என்றே பள்ளிப் பருவத்தில் நான் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை என்னிடமிருந்து பறித்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்தவர். வகுப்பில் படிப்பதற்காக, வடதுருவக் கடற்கரை நீரில் கலந்துள்ள கரிம நஞ்சுகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதவேண்டி வந்தது. பனிக்கட்டியும் வெண்கரடியும் உள்ள நாட்டுக்கும் கரும்புக் கொல்லைக்காரன் மகனுக்கும் என்ன உறவு என்று சலிப்போடுதான் நூலகத்துக்குள் நுழைந்தேன். எந்த நூலைத் திறந்தாலும் ஒரே பெயர் எதிர்ப்பட்டது. ரேச்சல் கார்சன். அந்த அம்மையாரின் வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடல் காணாத சிறுமி

1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் ரேச்சல் பிறந்தார். அலெகேனி ஆற்றங்கரை ஊர் அது. கடலோ நெடுந்தொலைவில் இருந்தது. குடும்பத்தில் வறுமை. ஆயினும் தாயார் மரியா, மகளைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் கைபிடித்து அழைத்துச் சென்று, பறவையின் குரலையும் பூச்சியின் நடையையும் காட்டி வளர்த்தார். பதினோரு வயதில் ரேச்சல் எழுதிய கதை ஒன்று சிறுவர் இதழில் அச்சேறியது. எழுத்தாளராக வேண்டும் என்பதே அவருடைய கனவு.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே மேரி ஸ்காட் ஸ்கிங்கர் என்ற ஆசிரியை உயிரியலைக் கற்பித்தார். அந்தப் பாடம் மாணவியின் வாழ்க்கையையே திருப்பியது. பெண்களுக்கு அறிவியலில் வேலை ஏது என்று கேட்ட காலம் அது. இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறுவது, கையிலிருந்த விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நடப்பதற்கு ஒப்பாகும். ரேச்சல் துணிந்து மாறினார். எழுத்தும் அறிவியலும் தம்மிடத்தில் ஒன்றுசேரப் போகின்றன என்பதை அன்று அவர் அறியார்.

1929இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் கரையிலுள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் சில வாரங்கள் தங்கினார். இருபத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டார். என்னைப் போல மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் பெருமை விளங்கும்.

அரசுப் பணியும் குடும்பச் சுமையும்

1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேலே ஆராய்ச்சி செய்யக் குடும்பநிலை இடம் கொடுக்கவில்லை. நாடெங்கும் பொருளாதார நெருக்கடி. 1935இல் தந்தையார் மறைந்தார். வீட்டைத் தாங்கும் பொறுப்பு ரேச்சலின் தோளில் விழுந்தது. அரசாங்க மீன்வளத் துறைக்காகக் கடல்வாழ் உயிர்களைப் பற்றி ஏழு நிமிட வானொலி உரைகள் எழுதும் சிறு வேலை கிடைத்தது. மறு ஆண்டு தேர்வு எழுதி அத்துறையிலேயே நிலையான பணியில் அமர்ந்தார். 1937இல் அக்காள் இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு இறந்தார். அவர்களையும் ரேச்சலும் தாயாருமே வளர்த்தனர்.

பகலெல்லாம் அலுவலகம், இரவெல்லாம் எழுத்து. 1941இல் வெளிவந்த முதல் நூல் கடற்காற்றின் கீழே வாழும் உயிர்களைப் பற்றியது. வெளிவந்த மறு மாதமே அமெரிக்கா போரில் இறங்கியது. நூலை வாங்குவார் இல்லை. வேறொருவராயின் பேனாவைக் கீழே வைத்திருப்பார். பத்து ஆண்டு கழித்து, 1951இல், நம்மைச் சூழ்ந்த கடல் என்ற பொருள்படும் பெயரோடு இரண்டாவது நூல் வந்தது. எண்பத்தாறு வாரங்கள் அது மிகுதியாக விற்பனையாகும் நூல்களின் பட்டியலில் இருந்தது. தேசிய நூல் விருதும் பெற்றது. கப்பலில் கால்வைத்தறியாத இல்லத்தரசிகளும் கடையில் கணக்கெழுதுவோரும் அலையின் பிறப்பையும் ஆழ்கடலின் இருளையும் படித்து மகிழ்ந்தனர். 1952இல் அம்மையார் அரசுப் பணியை விட்டு, முழுநேர எழுத்தாளரானார். மெயின் மாநிலக் கடற்கரையில் சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டு, பாறைக் குழிகளில் தேங்கும் நீருக்குள் குனிந்து நத்தையையும் பாசியையும் பார்த்திருந்தார். 1955இல் கடலோரத்தைப் பற்றிய மூன்றாம் நூல் வந்தது.

இவ்வளவோடு அவர் வாழ்க்கை நிறைந்திருந்தால், நல்ல எழுத்தாளர் ஒருவரின் கதையாக முடிந்திருக்கும். உலகம் அவரை நினைப்பதற்கு வேறு காரணம் உண்டு.

ஒரு கடிதம்

டி.டி.டி. என்ற பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பழிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. இந்தியாவில் 1947ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்த பின், 1965இல் நோயாளிகளின் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. எங்கள் மலைப் பக்கத்துத் தாய்மார்கள் அந்த வெள்ளைப் பூச்சைக் கும்பிட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அமெரிக்காவில் அதே பொருளை வானூர்திகளிலிருந்து காடு, கழனி, குளம், ஊர் என்று பாராமல் மழைபோல் பொழிந்தனர். 1958 ஜனவரியில் மாசசூசெட்ஸிலிருந்து ஒரு தோழியின் கடிதம் அம்மையாருக்கு வந்தது. கொசுவை ஒழிக்க வானிலிருந்து தெளித்த மருந்தால் தம் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததை அதில் எழுதியிருந்தார். வேறு யாரேனும் இதைப்பற்றி எழுதட்டும் என்று முதலில் அம்மையார் பலரைக் கேட்டார். எவரும் முன்வரவில்லை. ஆகவே தாமே எழுத உட்கார்ந்தார்.

நான்கு ஆண்டுகள் உழைத்தார். ஒரு வரி எழுத ஒன்பது ஆய்வுகளைப் படித்தார் என்றாலும் மிகையாகாது. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. வளர்த்த பெண்களில் ஒருத்தி முன்னரே 1957இல் இறந்து, ஐந்து வயதுச் சிறுவனை விட்டுச் சென்றிருந்தாள். அவனை மகனாக ஏற்று வளர்த்தார். 1958 டிசம்பரில் தாயார் மறைந்தார். 1960இல் தமக்கே மார்பில் புற்றுநோய் என்று அறிந்தார். அறுவை நடந்தது, நோய் நிற்கவில்லை. அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால், நோயாளி தன் வலிக்குப் பழிவாங்க எழுதினாள் என்று எதிரிகள் நூலைத் தள்ளிவிடுவார்கள் அல்லவா?

1962 செப்டம்பர் 27ஆம் நாள் மௌன வசந்தம் வெளிவந்தது. பறவையின் பாட்டில்லாத வசந்தம் ஒன்றை அந்நூல் மனிதர் கண்முன் நிறுத்தியது. மண்ணில் தூவிய நஞ்சு புழுவிடம் போய், புழுவிலிருந்து பறவைக்குப் போய், ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் சேர்ந்து பெருகும் விதத்தை விளக்கிற்று. நம் நாட்டின் பெயரும் அதில் வருகிறது. பாரத்தியான் என்னும் நஞ்சால் 1958இல் இந்தியாவில் நூறு பேர் இறந்ததை அம்மையார் குறித்திருக்கிறார். அந்த நூறு பேர் இறந்தது கேரளத்தில்; நஞ்சு கலந்த கோதுமை மாவை உண்டு இறந்தனர். அந்தத் துயரத்தின் விளைவாகவே பின்னர் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது.

நூலில் ஓரிடத்தில் அம்மையார் பெயர் பற்றி ஒரு தருக்கம் செய்கிறார். பூச்சியை மட்டும் கொல்வதாகப் பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் இவை உயிர்கொல்லிகள் அல்லவா என்று கேட்கிறார். அதைப் படித்தபோது நான் வெட்கினேன். நாம் இன்னும் ஒருபடி மேலே போய், அதற்கு மருந்து என்றே பெயரிட்டிருக்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. முட்டைக்கோசுக்கு அடிப்பதும் மருந்து. பெயரே நம் கண்ணைக் கட்டிவிட்டது.

தப்பிய ஓர் இடம்

இனி நான் சொல்லப்போவது அந்நூலில் என்னை மிகவும் தடுத்து நிறுத்திய பகுதி. உலகில் டி.டி.டி. படாத இடம் எங்கேனும் உண்டா என்று அம்மையார் தேடுகிறார். அலாஸ்காவின் வடகரையில், பனிக்கடல் ஓரத்தில் வாழும் மக்களின் உணவை அறிஞர் சிலர் சோதித்திருந்தனர். எஸ்கிமோக்கள் என்று அந்நாளில் அவர்களை அழைத்தார்கள். மீன், திமிங்கில இறைச்சி, கொழுப்பு, காட்டுப்பழம் எல்லாவற்றையும் பார்த்தனர். அவற்றில் நஞ்சு காணப்படவில்லை. இரண்டு வெள்ளை ஆந்தைகளில் மட்டும் சிறிது இருந்தது. எங்கேனும் வலசை போனபோது பெற்றிருக்கலாம் என்று கருதினர். மக்களில் சிலர் உடலிலும் சிறிது இருந்தது. அவர்கள் நகரத்து மருத்துவமனைக்குப் போய் நகரத்து உணவை உண்டவர்கள். ஆகவே நாகரிகம் தொடாத அந்தக் கோடியில் நஞ்சும் இல்லை என்று அம்மையார் எழுதினார்.

அலாஸ்காவின் அந்தக் கரை அம்மையாரின் மறையூர். உலகின் கண்ணுக்கு மறைந்த ஊர். அங்கேயாவது தீமை எட்டவில்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. அன்றைய கருவிகளுக்கு நுண்மை போதாது. காலமும் அதிகம் ஆகவில்லை.

நூல் வந்தவுடன் பெரும் எதிர்ப்பு எழுந்தது. வேதிப்பொருள் தொழிலார் பணத்தை வாரியிறைத்து மறுப்பு எழுதினர். ஒரு நிறுவனம் பதிப்பாளரை வழக்கென்று மிரட்டியது. மணமாகாத பெண்ணுக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்றுகூட ஏளனம் செய்தனர். பூச்சிமருந்து முழுவதையும் ஒழிக்கச் சொல்கிறார் என்று திரித்தனர். அவர் அப்படிச் சொல்லவில்லை. என்ன தெளிக்கிறோம், எங்கே போகிறது, யாரைத் தொடுகிறது என்று அறியாமல் தெளிக்காதீர்கள் என்பதே அவர் வழக்கு. குடியரசுத் தலைவர் கென்னடி தம் அறிவியல் ஆலோசகர்களை ஆராயச் சொன்னார். 1963 மே மாதம் வந்த அவர்களின் அறிக்கை அம்மையாரின் பக்கமே நின்றது. அடுத்த மாதம் நாடாளுமன்ற மேலவைக் குழுவின்முன் அவர் சாட்சி சொன்னார். நடக்கவும் வலி, தலையில் பொய்முடி. கேட்டவர்களுக்கு அது தெரியாது. 1964 ஏப்ரல் 14ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பயிர்களுக்குத் தடைசெய்தது.

மறைவுக்குப் பின்

அவர் மறைந்து இரண்டே ஆண்டில், 1966இல், தென்துருவத்துப் பெங்குயின் பறவைகளின் கொழுப்பில் டி.டி.டி. இருப்பதைக் கண்டனர். மருந்தடிக்க வயலே இல்லாத கண்டம் அது! 1980களில் கனடாவின் வட கியூபெக் பகுதியில், இனுயிட் தாய்மாரின் பாலைச் சோதித்தனர். தூய பால் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அந்தத் தொலைநாட்டுத் தாய்மாரைத் தேடிச் சென்றனர். மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் எண்ணெய்ப் பொருள், தெற்கே நகரங்களில் வாழும் தாய்மாரின் பாலைவிட அங்கே ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது.

எப்படிப் போயிற்று? இதை விளக்க எங்கள் ஊர் வெல்லக் கொட்டகையே போதும். மார்கழிக் குளிரில் கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கும்போது ஆவி மேலே எழும்பும். குளிர்ந்த தகரக் கூரையில் பட்டுத் துளியாகி ஓரத்தில் சொட்டும். அடுப்படி உலர்ந்திருக்கும், மூலை நனைந்திருக்கும். உலகமும் அப்படி ஒரு கொட்டகைதான். வெப்ப நாடுகள் அடுப்பு. துருவங்கள் குளிர்ந்த மூலை. இங்கே தூவிய நஞ்சு வெயிலில் ஆவியாகிறது; காற்றேறிப் போகிறது; குளிர்ந்த இடத்தில் இறங்குகிறது; மறுபடி எழுகிறது; மறுபடி இறங்குகிறது. வெட்டுக்கிளித் தாவல் என்று இதற்குப் பெயர். குளிர்ந்த கடல்நீர் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீரிலிருந்து நுண்ணுயிர், அதிலிருந்து மீன், மீனிலிருந்து கடல்நாய், அதிலிருந்து வெண்கரடிக்கும் மனிதனுக்கும், கடைசியில் தாய்ப்பாலுக்கும்.

இங்கே என்று நான் சொன்னது சும்மா அன்று. பி.எச்.சி. என்ற பூச்சிமருந்தை மிகுதியாகப் பயன்படுத்திய நாடுகளில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் நின்றன. அதைத் தூவிய வெப்ப நாட்டுக் கடல்களைவிட, தூவாத வடதுருவக் கடல்நீரிலேயே அதன் ஒரு வகை மிகுந்திருந்தது. நம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கழிமுகத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய எகிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து 1991இல் வெளியிட்டனர். நெல்வயலில் தூவிய பி.எச்.சி. எங்கே போகிறது என்று கணக்கெடுத்தனர். ஆற்றோடு கடலுக்குப் போனது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. தொண்ணூற்றொன்பது விழுக்காட்டுக்கு மேல் காற்றில் போய்விட்டது!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறுவனாக இருந்தபோது, தந்தையார் மருந்தடித்து முடித்ததும் பம்பை வாய்க்காலில் அலசுவது என் வேலை. அந்த நீர் பாம்பாற்றில் சேரும். பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியாகும். அமராவதி காவிரியில் கலக்கும். காவிரி கடலைச் சேரும். இவ்வளவு தொலைவில் எல்லாம் கரைந்துவிடும் என்று ஆறுதல் கொண்டிருந்தேன். என் பாட்டனார் காலத்தில் எங்கள் வயல் நெல்வயல். அவர் தூவியது பி.எச்.சி. பொடி. அது ஆற்றுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அவர் கண்ணெதிரே வானேறிப் போயிருக்கிறது. அதில் ஒரு கடுகளவேனும் ஏதோ ஒரு இனுயிட் தாயின் பாலில் சேர்ந்திருக்காது என்று நான் எப்படிச் சொல்வேன்? பாட்டனார் கெட்டவர் அல்லர். வாங்கச் சொன்னார்கள், வாங்கினார். தூவச் சொன்னார்கள், தூவினார்.

ஆனால் கதை இருட்டில் முடியவில்லை. சீனா 1983இல் அதை நிறுத்தியது. இந்தியா 1997இல் தடைசெய்தது. வடதுருவக் காற்றில் அதன் அளவு படிப்படியாகக் குறைந்தது. 1990களில் காற்று தூய்மையானதால், கடல் தான் முன்பு விழுங்கியதை மெல்ல வெளியே விடத் தொடங்கியது. இங்கே கையை நிறுத்தினால் அங்கே கடல் மூச்சு விடுகிறது! 1999இல் நைரோபியில் நாடுகள் கூடி இத்தகைய நஞ்சுகளைத் தடுக்கும் உடன்படிக்கையைப் பேசியபோது, இனுயிட் மக்கள் தாயும் சேயுமான கற்சிற்பம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். 2001இல் ஸ்டாக்ஹோமில் உடன்படிக்கை நிறைவேறியது. 2006இல் இந்தியாவும் ஏற்றது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதி முதல் 2000 வரை வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்து, அவ்வூர் மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அதுவும் வடதுருவக் கடல்வரை போயிருந்தது. 2011இல் அதுவும் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு நம் உச்ச நீதிமன்றமும் அதைத் தடுத்தது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது தந்தையாரிடம் இக்கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கோசில் புழு இருந்தால் வியாபாரி எடுக்கமாட்டான், கடனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அம்மையாரைப் போல நான்கு ஆண்டுகள் படித்தால் ஒருவேளை கிடைக்கலாம். மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாய்க்காலுக்கு எட்டத்தில் ஒரு குழி வெட்ட வரச் சொன்னார். பம்பு கழுவும் நீர் இனி அந்தக் குழிக்குப் போகும். மருந்துப் புட்டியின் சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டும் வேலை எனக்கு.

நண்பர்களே, நம்மில் வேதியியல் பயில்வோர் உண்டு, சட்டம் பயில்வோர் உண்டு, மருத்துவம் பயில்வோர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு. அந்த ஊர் உலகின் ஓரத்தில் இருப்பதாக ஒரு நினைப்பும் உண்டு. ஆற்றங்கரையில் பிறந்து இருபத்திரண்டு வயதில் கடலைக் கண்ட ஒரு பெண், உலகம் முழுவதையும் கடலின் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தார். நோயையும் ஏச்சையும் தாங்கிக்கொண்டு, தாம் அறிந்ததைச் சொன்னார். அவர் அறியாமல் போன ஒன்றை நாம் அறிவோம். இவ்வுலகில் மறைந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. மறையூரும் மறைந்த ஊர் அன்று.